கமராவுக்கு வந்த கண்ணோய்

அந்த வருடம் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றோடு நாவற்குடாவுக்கு வந்த கண்ணோய், எங்கள் வீட்டில் முதலில் என்னைப் பிடித்தது. பிறகு அம்மாவை, அதன்பின் அப்பாவை. கடைசியாக மாமாவின் கமராவைப் பிடித்தது. முதல் மூன்றும் ஊருக்கே தெரியும். நான்காவது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்தக் கமராவுக்கு நோயைக் கொடுத்ததே நான்தான் என்பதால், எட்டு வயதில் அதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாமா அம்மாவின் தம்பி. தெருப் போடும் இலாகாவில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். வீடும் வளவும் வயலும் பெண்ணுடையவை. மாமாவும் அப்படித்தான் இரண்டு வருடங்களுக்கு முன் ஆற்றைத் தாண்டி மாமியின் வீட்டுக்குப் போயிருந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். அதற்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. அது நாங்கள் இருந்த கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. மாமியின் வட்டை, அதாவது அவருடைய வயல்வெளி, அந்தக் கரையில் இருந்தது.

அந்த ஆனி மாதம் மாமா ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து எங்கள் முன்னறையில் தங்கினார். கலியாணம் முடித்த ஆண் பெட்டியும் கையுமாக அக்கா வீட்டுக்கு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? வேலிக்கு மேலால் எட்டி எட்டிக் கேட்டார்கள். மாமி நெஞ்சு வருத்தத்துக்காகக் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சுகமானதும் வந்துவிடுவார் என்று அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். எனக்கும் அதையே சொன்னார். நான் நம்பினேன். கேட்டவர்கள் மாமி திரும்பி வருவார் என்று நம்பவில்லை என்பதை அவர்கள் உச்சுக் கொட்டிய விதத்திலேயே நான் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு மாமா எங்கள் வீட்டில் இருப்பதே பெரிய கொண்டாட்டமாக இருந்தது.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி சாதுவான பெண் அல்ல. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பில் நடந்தால் எதிரே வரும் ஆண்கள் சேற்றில் இறங்கி வழி விடுவார்கள். வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் அவரைக் கண்டால் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிற்பார். என்னையும் ஒரு ஆளாக மதித்து வயலுக்குக் கூட்டிப்போன ஒரே பெரியவர் அவர்தான். மாமாவோ மெதுவாகப் பேசுகிறவர், எதையும் நின்று பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தியது என்று அப்பா அடிக்கடி ஆச்சரியப்படுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாமியின் கடிதம் முதலில் வாரம் ஒன்று வந்தது. பிறகு அது நாலு வரியாகி, இரண்டு வரியாகியது. கடைசியாக வந்ததை மாமா அம்மாவுக்கு வாசித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "இங்க ஜன்னலால பாத்தா மதில் மட்டும்தான் தெரியுது. நம்மட பக்கத்து வானத்தப் பாத்துக் கன நாளாப் போச்சு." அவ்வளவுதான். அதன்பிறகு கடிதம் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் இங்கிலீசில் ஒன்று எழுதினார்கள். மாமா அதைக் குசினியில் வைத்து அம்மாவுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாப்பிடுறா இல்லையாம் அக்கா. மருந்தும் வேண்டாமாம். சுவர் பக்கம் திரும்பிக் கிடக்காவாம்."

அம்மா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். எனக்கோ மாமி கோபித்துக்கொண்டு கிடக்கிறார் என்றுதான் பட்டது. நானும் கோபம் வந்தால் அப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுப்பேன். யாராவது வந்து விருப்பமான எதையாவது காட்டினால்தான் திரும்புவேன். ஆகவே, மாமிக்கு ஒரு வானத்தைப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன் என்று மாமா சொன்னபோது, அதைவிடச் சரியான வைத்தியம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

கமரா ஏற்கெனவே வீட்டில் இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி அது. கூடவே மூன்று சுருள் பிலிமும் கொடுத்திருந்தார். ஒரு சுருளில் எட்டுப் படம். வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சிறிய சதுரத்தில் குனிந்து பார்த்து, பக்கத்திலுள்ள விசையைத் தட்ட வேண்டும். முன்னால் வட்டமாக ஒரு கண்ணாடி. அதுதான் அதன் கண் என்று மாமா எனக்குக் காட்டினார். காட்டிய நாள்தான் வினை. அன்று என் இரண்டு கண்ணும் சிவந்து, பீளை தள்ளிக்கொண்டிருந்தன. கண்ணோய்க்காரி யாருடைய கண்ணையும் நேரே பார்க்கக்கூடாது, பார்த்தால் அவர்களுக்கும் தொற்றிவிடும் என்று அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருந்தார். நான் மனிதர்களைப் பார்க்காமல்தான் இருந்தேன். கமராவின் கண்ணை மட்டும் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போய், அதற்குள் ஒரு சின்ன நான் தெரிவதை நெடுநேரம் பார்த்தேன்.

முதல் சுருளை மாமா புரட்டாசியில் எடுத்தார். ஓவசியர் கமராவோடு ஆற்றங்கரைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்தார் தலைவாரிப் பொட்டிட்டு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். மாமா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திரும்பி நின்றார். எட்டுப் படமும் வானத்துக்கே போயின.

"மச்சான், மேகத்துக்கிட்ட ஆடாம நில்லு எண்டு சொன்னியா?" என்று அப்பா கேட்டார். கரை முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

புளியந்தீவில் இருந்த ஸ்டூடியோவில் கழுவி எடுத்த படங்கள் ஒரு வாரத்தில் வந்தன. ஆற்றங்கரைத் தென்னைகள் கறுப்பாக இருந்தன. தோணி கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைத் தாள். நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்ட மேகங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. மாமா வேறு நேரம், வேறு இடம் பார்த்து இரண்டாவது சுருளையும் எடுத்தார். அதுவும் அப்படியே வந்தது. எட்டுப் படத்திலும் எட்டு வெள்ளை வானம்.

"வானமெல்லாம் படத்தில விழாது ஓவசியர்," என்றார் ஸ்டூடியோக்காரர். "ஆள நிப்பாட்டி எடுங்க. சும்மா பிலிமப் பாழாக்காதீங்க."

மாமா அந்தப் படங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். கண்ணோய் வந்திருந்தபோது எனக்கும் கிட்டே இருப்பவை எல்லாம் தெரிந்தன. மரம் தெரிந்தது, மாடு தெரிந்தது. ஆனால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தால் வெளிச்சம் குத்தும், கண் தானாக மூடிக்கொள்ளும். கமராவும் அதைத்தான் செய்கிறது. மரத்தையும் தோணியையும் பார்த்துவிட்டு, வானத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறது. என் நோய் அதற்குத் தொற்றிவிட்டது. அதனால்தான் மாமிக்கு வானம் போய்ச் சேரவில்லை. மாமி இன்னும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கும் நானே காரணம். சொன்னால் அடி விழும் என்பதைவிட, மாமா என்னோடு பேசாமல் விட்டுவிடுவார் என்ற பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

"இனி ஒரு சுருள்தான் கிடக்கு," என்று மாமா அம்மாவிடம் சொன்னதைக் கேட்ட அன்றே முடிவு செய்தேன். எனக்குச் செய்த வைத்தியத்தையே கமராவுக்கும் செய்வது.

அம்மாவின் வைத்தியம் இதுதான். மஞ்சளை அம்மியில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டை அதில் நனைத்து நிழலில் உலர்த்துவார். அந்தத் துணியால்தான் கண்ணைத் துடைக்க வேண்டும். வேறு துணி படக்கூடாது. என்னுடைய துண்டு இன்னும் கொடியில் கிடந்தது. மாமா வேலைக்குப் போனதும், அம்மா கிணற்றடியில் இருக்கும் நேரம் பார்த்து, நான் முன்னறைக்குள் போய்க் கமராவை மடியில் வைத்துக்கொண்டேன். காய்ந்த துணி கண்ணாடியில் வழுக்கியது. ஆகவே மஞ்சளைப் புதிதாகக் கரைத்து நனைத்து, மெதுவாக, நோகாமல், ஒரு பக்கமாகவே துடைத்தேன். அம்மா அப்படித்தான் செய்வார். ஊதியும் விட்டேன். காலையில் ஒரு தரம், பின்நேரம் ஒரு தரம். மூன்றாம் நாள் பார்த்தபோது கண்ணாடி பொன்மஞ்சளாக மாறியிருந்தது. என் கண்ணைச் சுற்றியும் சுகம் வரும் காலத்தில் அப்படித்தான் மஞ்சள் பிடித்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு பின்நேரம், வேலைக்குப் போயிருந்த மாமா வழக்கத்துக்கு முன்பே சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். உடுப்பும் மாற்றவில்லை. கமராவை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். நானும் ஓடினேன். அம்மா கையில் இருந்த அகப்பையோடு வந்தார்.

படுவான்கரைக்கு மேலே மேகம் கட்டியிருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் நடுவில் சாம்பலாகவும் அடியில் நன்றாகக் கறுத்தும் நின்றது. அதைச் சுற்றி மற்ற வானம் இன்னும் நீலமாகவே இருந்தது. சூரியன் மேகத்துக்குப் பின்னால் போனதும் ஓரம் முழுக்க வெளிச்சம் பிடித்தது. ஆறு அசையாமல் கிடந்தது. நடு ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு மேற்கே பார்த்தார்கள். அப்படி ஒரு வானத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அன்று பார்த்ததைப்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

மாமா கவிழ்த்துப் போட்டிருந்த தோணி ஒன்றின் மேல் கமராவை வைத்து, மண்டியிட்டுக் குனிந்தார். ஒன்று தட்டினார். சுருளைத் திருகி மற்றது. ஆறாவது படத்தின்போது தூரத்தில் இடி உருண்டது. எட்டாவதும் எடுத்து முடிய, மழை மறுகரையை மறைத்துக்கொண்டு ஆற்றின் மேல் வருவது தெரிந்தது. மாமா கமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடும்போது, கண்ணே கண்ணே நல்லாப் பாத்தியா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

கழுவக் கொடுத்த படங்களை வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அழுதேன். மாமா சைக்கிள் பாரில் என்னை வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தால் புளியந்தீவுக்குப் போனார். கமராவும் பையில் தொங்கியது.

ஸ்டூடியோக்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். படத்தைக் கொடுக்காமல் முதலில் கேள்வியைக் கேட்டார்.

"மஞ்சள் கண்ணாடி எங்க எடுத்தீங்க?"

"எந்தக் கண்ணாடி?"

"முன்னால போடுற மஞ்சள் கண்ணாடி. வெள்ளைக்காரர் போட்டுத்தான் மேகம் எடுக்கிறவங்க. எனக்கே மறந்து போச்சு. இங்க எங்கயும் கிடைக்காதே."

"நான் ஒண்டும் போடல்ல," என்றார் மாமா.

ஸ்டூடியோக்காரர் படத்தை மேசையில் வைத்தார். மேகம் நின்றது. உச்சியும் நடுவும் கறுத்த அடியும், ஓரத்தில் பிடித்த வெளிச்சமும், அடியிலிருந்து வயலின் மேல் சாய்வாக இறங்கிய மழையும் எல்லாம் அதில் இருந்தன. கொஞ்சம் புகைபடிந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். மாமா அதைக் கையில் எடுக்காமலே குனிந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து கமராவை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணோய் மாமா," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாலதான் அதுக்கு வந்த. நான்தான் பாத்தநான். அதான் மஞ்சள் துணியால துடச்ச."

ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. எனக்கு எதிரே குந்தியிருந்து கேட்டார்.

"எத்தின நாள் துடச்ச நீ?"

"மூணு நாள்."

"உன்ட கண்ணுக்கு எத்தின நாள்ல சுகம் வந்த?"

"அஞ்சு நாள்ல."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. இடையில விட்டிராத புள்ள."

அந்தக் காலத்துப் பிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான் என்பதையும், மஞ்சள் நிறம் நீலத்தைத் தடுத்தால்தான் மேகம் பிரிந்து தெரியும் என்பதையும் நான் பெரியவளான பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். வாசித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அதுவரை என் கைராசியை நான் பெரிதாக நம்பியிருந்தேன்.

படம் அன்றைக்கே தபாலில் போனது. கமராவைச் சுகப்படுத்தியது நான் என்று கட்டாயம் எழுத வேண்டும் என்றேன்; மாமா எழுதினார். பிறகு காத்திருந்தோம். மாமா நாளுக்கு இரண்டு தரம் வாசல் படலைக்குப் போய்ப் பார்த்தார். அப்பாகூட அந்த நாட்களில் கேலி பேசவில்லை. மாமி என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு வடிவான மேகம், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதுவார். பத்தாம் நாள் தபால்காரன் வந்தான். மாமியின் கையெழுத்து, பென்சிலால், ஒரு தாள் நிறைய இருந்தது. மாமா நின்றபடியே உரக்க வாசித்தார்.

"படம் கிடச்சிது. மேகம் எங்கட வட்டைக்கு மேலதான் ஏறி நிக்குது. அடி கறுத்து மழைக்கால் இறங்கியிரிக்கு. அண்டைக்கே அங்க மண் நனஞ்சிரிக்கும். நீங்க படம் எடுத்துக்கொண்டு நிண்ட நேரம் வயல்ல ஆர் நிண்ட? உழவு முடிஞ்சுதா எண்டு இவ்வளவு நாளா ஒருத்தரும் எழுதல்ல. மேட்டுப் பங்க முதல்ல விதைக்கச் சொல்லுங்க. பள்ளத்தில தண்ணி நிண்டா விதை அழுகிப் போகும், வாய்க்கால வெட்டித் திறந்துவிடணும். முல்லைக்காரன நம்பி விடாதீங்க, அவன் நிழல் கண்ட இடத்தில படுக்கிற ஆள். போன முறை விதைநெல்லுல பதர் கிடந்தது, புடைச்சு எடுங்க. சூடு மிதிக்கிறத்துக்கு நான் வருவன். அதுக்குள்ள களத்துக்குப் பக்கத்தில ஒரு கொட்டில் போட்டு வையுங்க, எனக்கு முந்தி மாதிரி வெயில்ல நிக்க ஏலாது. இங்க சோறு குழஞ்சு கிடக்கு. எண்டாலும் தின்னுறன்."

கடைசி வரியை மாமா இரண்டு தரம் வாசித்தார். தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அம்மா அதை வாங்கி, தொடக்கத்திலிருந்து தாமே ஒரு தரம் வாசித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து, சால்வையைத் தோளில் போட்டார். நாளை விடிய முதல் தோணியில் அக்கரைக்குப் போய் உழவைப் பார்க்கப் போவதாக, யாரும் கேட்காமலே சொன்னார். அவருக்கும் வயலுக்கும் வெகுதூரம். அவர் சேற்றில் கால் வைத்து நான் அதுவரை கண்டதில்லை.

மாசியில் கதிர் அறுத்துக் களத்தில் போட்டு மாடு விட்டுச் சூடு மிதித்தபோது, மாமி கொட்டிலுக்குள் ஒரு பாயில் இருந்துகொண்டு எல்லோரையும் ஏசினார். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

கடிதம் வந்த அன்று எனக்கு மாமியின் மேல் சரியான கோபம். வானத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. உழவும் விதையும் பதரும் என்று ஒரு தாள் நிறைய ஏச்சு. அதுவும் சுகமில்லாமல் கிடக்கிறவர், இவ்வளவு பாடுபட்டுப் படம் எடுத்து அனுப்பின மனிதரை இப்படியா ஏசுவது? இந்த வீட்டில் எல்லோரும் அழுவதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மாமா வாளியில் தண்ணீரை எடுத்து எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கண்ணோய் வந்ததுபோலச் சிவந்திருந்தன.

"அழாதீங்க மாமா," என்றேன். "இங்க வந்தாவெண்டா மாமிட கோவமெல்லாம் போயிடும்."

"ஓம் புள்ள," என்றார். "வருவா. வருவன் எண்டு எழுதியிரிக்கா."

அதைத்தானே நானும் சொன்னேன், இவருக்கு ஏச்சு விழுந்ததில் காது அடைத்துவிட்டது போலும் என்று எண்ணி, அவருடைய ஈரக் கையைப் பிடித்து, ஆறுதலாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன்.